கல்லூரியா, பட்டறையா, தனிவழியா? தைலவண்ணம் பழக ஸ்காட்டிஷ் ஓவியர்கள் போன மூன்று பாதைகள்

எடின்பர்க் நகரில் யார்க் பிளேஸ் என்று ஒரு தெரு. அங்கே 32-ஆம் எண் வீட்டில் ஹென்றி ரேபர்ன் (1756–1823) உருவப்படம் வரைவதற்கென்றே அமைத்துக்கொண்ட ஸ்டுடியோ இருந்தது. வடக்கு வெளிச்சம், அதைக் கூட்டவும் குறைக்கவும் ஜன்னல் கதவுகள். ரேபர்ன் ஓவியப் பள்ளியில் படித்தவர் அல்ல. பொற்கொல்லரிடம் தொழில் பழகப் போன பையன், அங்கிருந்து சிற்றோவியம், அங்கிருந்து தைலவண்ணம் (ஆயில் பெயின்ட்) என்று நகர்ந்தவர். நூறு வருடம் கழித்து, 1905-ல், அதே ஸ்டுடியோவுக்குச் சாமுவேல் ஜான் பெப்ளோ வந்து சேர்ந்தார். இவர் எடின்பர்க்கிலும் படித்து, பாரிசில் இரண்டு பட்டறைகளிலும் படித்தவர்.

வேடிக்கை என்னவென்றால், அந்த அறையில் இருவரும் வேலை செய்த விதம் ஏறக்குறைய ஒன்று. ரேபர்ன் சுண்ணக்கட்டியால் முன்வரைவு போடாமல் நேராகத் தூரிகையால் தொடங்குவார். பெப்ளோவும் அந்த வருடங்களில் ஈர வண்ணத்தின் மேலேயே ஈர வண்ணத்தைக் குழைத்து, ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தார். அப்படியானால் பெப்ளோவின் படிப்புச் செலவு வீண்தானா?

ஆயில் பெயின்டிங்கை முறையாகக் கற்க நினைத்து, நான்கு வருடக் கல்லூரிக்கும் ஒரு வருடப் பட்டறைக்கும் வீட்டு மொட்டைமாடிக்கும் நடுவே திணறுகிறவர்கள் கேட்பதும் இதே கேள்விதான். பொதுவாகப் பதில் சொல்வதைவிட, ஒரே சின்ன நாட்டில் இந்த மூன்று வழியிலும் போனவர்களுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்காமல் போனது என்று பார்த்துவிடலாம். கிடைக்காமல் போனதைத்தான் அதிகமாகக் கவனிக்கச் சொல்வேன். எந்த வழியும் ஒரு ஓட்டையை விட்டுத்தான் அனுப்புகிறது. அந்த ஓட்டையை உங்களால் அடைக்க முடியுமா என்பதை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

என் அளவுகோல்கள் ஐந்து. முதலாவது, ஆளை உட்காரவைத்து வரையும் பயிற்சி. புகைப்படத்தைப் பார்த்து வரைவது வேறு, மூச்சு விடும் உடம்பைப் பார்த்து வரைவது வேறு. இரண்டாவது, பொருளறிவு: எந்த வண்ணம் எப்போது காயும், கீழ்ப்பூச்சில் எண்ணெய் எவ்வளவு, மேல்பூச்சில் எவ்வளவு, கான்வாஸுக்கு என்ன அடித்தளம். எண்ணெய் குறைந்த மெலிந்த பூச்சின் மேல்தான் எண்ணெய் கூடிய கொழுத்த பூச்சு வர வேண்டும். மாற்றிப் போட்டால் சில வருடத்தில் படம் வெடித்துப் பிளக்கும். மூன்றாவது, உங்கள் வேலையைப் பார்த்து உண்மையைச் சொல்ல ஒருவர். நான்காவது, பணமும் வருடங்களும். ஐந்தாவது, படத்தைச் சுவரில் மாட்டிக் காட்டவும் விற்கவும் ஒரு வாசல்.

பாணி இந்தப் பட்டியலில் இல்லையே என்று கேட்பீர்கள். பாணியை எந்த வழியும் தருவதில்லை என்றே நினைக்கிறேன். சில வழிகள் அதைத் தாமதப்படுத்துகின்றன, அவ்வளவுதான்.

## கல்லூரி வழி: ஜோன் எர்ட்லி

ஸ்காட்லாந்தில் கல்லூரி வழிக்கு எர்ட்லியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1921-ல் இங்கிலாந்தின் சசெக்ஸில் பிறந்தவர். போர் தொடங்கும் சமயத்தில் குடும்பம் கிளாஸ்கோ பக்கம் வர, 1940-ல் கிளாஸ்கோ ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஹியூ ஆடம் கிராஃபோர்டு அங்கே அவருடைய ஆசிரியர். 1943-ல் பட்டயம் வாங்கினார். அவருடைய தன்னுருவப் படத்துக்குப் பரிசும் கிடைத்தது.

(இந்தப் பள்ளி 1845-ல் தொடங்கியபோது ஓவியர்களை உருவாக்குவதற்காகத் தொடங்கவில்லை. ஆலைகளுக்கு வடிவமைப்பாளர்கள் தேவைப்பட்டார்கள். 1850-ல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் ஆரம்பித்து, இன்று எழும்பூர் கவின்கலைக் கல்லூரியாக நிற்கும் பள்ளியும் அதே கைத்தொழில் நோக்கத்தில் பிறந்ததுதான்.)

சரி, எர்ட்லிக்குக் கல்லூரி என்ன கொடுத்தது? கையைக் கொடுத்தது. படிப்பு முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு கிளாஸ்கோவின் டவுன்ஹெட் பகுதியில் ஸ்டுடியோ பிடித்தார். அழுக்கும் நெரிசலுமான அடுக்குக் குடியிருப்புகள். தெருக் குழந்தைகள் ஸ்டுடியோவுக்கு வந்து போவார்கள். சாம்சன் என்ற ஒரே குடும்பத்துப் பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார். சில்லறைக் காசு கொடுத்தாலும் குழந்தை எத்தனை நிமிடம் அசையாமல் இருக்கும்? பல வருடம் ஆளைப் பார்த்து வரைந்து பழகிய கை இல்லாவிட்டால், அந்த ஓரிரு நிமிடத்தில் ஒரு மாறுகண் பெண்ணின் நிற்பையும் தம்பியைத் தூக்கிய அக்காவின் இடுப்புச் சாய்வையும் பிடித்திருக்க முடியாது.

1947-ல் ஆர்புரோத் ஊரில் உள்ள ஹாஸ்பிட்டல்ஃபீல்டுக்குப் போனார். ஓவியக் கல்லூரிகளில் தேறியவர்கள் தங்கி வேலை செய்யும் பழைய மாளிகை அது. அங்கே பொறுப்பில் இருந்தவர் ஜேம்ஸ் கௌயி. கோடு கோடாக நிதானித்து, அளந்து, திட்டமிட்டு வரைகிறவர். எர்ட்லியோ அதற்கு நேரெதிர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கல்லூரி வழியின் மறைமுகச் செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது: ஆசிரியரை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. கைக்கு ஒவ்வாத ஆசிரியரோடு சில மாதம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், மோதி வளரவும் செய்யலாம். நான்கு வருடம் என்றால் பலர் ஆசிரியரின் நகலாகவே வெளியே வருகிறார்கள். அடுத்து அவருக்குக் கிடைத்த பயண உதவித்தொகை 1948–49-ல் இத்தாலிக்கும் பிரான்சுக்கும் அனுப்பிவைத்தது. தனியாகப் பழகுகிறவருக்கு இப்படி ஒரு கதவு திறப்பது கடினம்.

ஆனால் பட்டயம் சோறு போடவில்லை. 1943-ல் தேறிய கையோடு ஆசிரியப் பயிற்சிக்குப் போய்ப் பிடிக்காமல் விட்டுவிட்டு, தச்சுவேலைக்குப் போனார். பட்டம் வாங்கிய மறுநாளுக்கு என்ன திட்டம் என்பதைக் கல்லூரி விளம்பரம் எதுவும் சொல்லாது.

அவருடைய பெரிய படங்களோ கல்லூரி சொல்லிக்கொடுக்காத இடத்தில் பிறந்தவை. ஸ்டோன்ஹேவனுக்குத் தெற்கே கேட்டர்லைன் என்று ஒரு மீனவக் கிராமம், பாறை விளிம்பில் ஒரே வரிசை வீடுகள். 1950-களில் அங்கே குடியேறிப் புயலுக்கு நடுவே கடற்கரையில் நின்று வரைந்தார். ஆள் உயரம் வரும் ஹார்ட்போர்டு பலகைகள், காற்று தூக்காமல் இருக்கக் கயிறும் கல்லும். படகுக்கு அடிக்கும் பெயின்டையும் பயன்படுத்தினார். வயலை வரையும்போது அந்த வயலின் புல்லும் விதையும் வண்ணத்திலேயே ஒட்டிக்கொண்டன. பாடப்புத்தகப்படி பாதி தவறு. எந்த விதியை மீறுகிறோம் என்று தெரிந்து மீறுகிறவர் செய்த தவறு அது, அதனால்தான் நிற்கிறது. 1963-ல் ஸ்காட்லாந்து ஓவியர்களின் பெரிய அமைப்பான ராயல் ஸ்காட்டிஷ் அகாதெமியின் முழு உறுப்பினரானார். அதே வருடம் புற்றுநோயில் இறந்தார். வயது 42.

இன்றைய நிலையையும் சொல்லிவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் ஹானர்ஸ் பட்டம் நான்கு வருடம். அங்கேயே வசிக்கும் மாணவருக்கு முதல் பட்டத்தின் கல்விக் கட்டணத்தை அரசு செலுத்திவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து போகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது, கட்டணமும் பல மடங்கு. எர்ட்லி காலத்துக் கல்லூரி கையைப் பழக்கியது. இன்றைய கல்லூரிகள் பலவும் கருத்தைப் பேசப் பழக்குகின்றன. அதுவும் வேண்டியதுதான். ஆனால் வாரத்தில் எத்தனை மணி நேரம் மாடலை வைத்து வரையலாம், தைலவண்ணத்துக்குத் தனி இடம் உண்டா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

## பட்டறை வழி: பெப்ளோவும் கடெலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் ஸ்காட்லாந்து இளைஞர்களுக்குப் பட்டறை என்றால் பாரிஸ்தான். 1868-ல் ரொடோல்ஃப் ஜூலியன் தொடங்கிய அகாதெமி ஜூலியனுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பணம் கட்டினால் உள்ளே போகலாம். நாள் முழுக்க மாடல் உட்கார்ந்திருப்பார், பெரிய ஓவியர்கள் அவ்வப்போது வந்து திருத்திவிட்டுப் போவார்கள். பாரிசின் அரசு ஓவியப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்காத காலத்தில் இங்கே சேர்த்தார்கள், ஆண்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டணம் வாங்கிக்கொண்டு.

பெப்ளோ (1871–1935) அங்கும் கொலரோசி பட்டறையிலும் பயின்றார். எஃப். சி. பி. கடெல் (1883–1937) பதினாறு வயதிலேயே ஜூலியனுக்குப் போனார். ஓவியர் ஆர்தர் மெல்வில் சொன்ன யோசனை அது. கடெலின் அப்பா எடின்பர்க்கில் அறுவைச் சிகிச்சை மருத்துவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டறைக் கட்டணத்தைவிட, சம்பாதிக்காமல் வெளியூரில் சாப்பிட்டுத் தங்கும் செலவுதான் பெரிது. யார் தாங்குவது என்பது பட்டறை வழியின் முதல் கேள்வி.

இந்த வழியின் பலம் அடர்த்தி. ஒரு வருடத்தில் கல்லூரியின் மூன்று வருட மாடல் நேரம் கிடைத்துவிடும். பலவீனம், கைக்கு வேகமாக ஒரு பழக்கம் ஏறிவிடுவது. ஜூலியனில் கோலோச்சியவர்களில் பூகெரோ ஒருவர், தூரிகைத் தடமே தெரியாத வழவழப்பு அவருடையது. பெப்ளோவின் முதல் படங்களில் அந்த வழவழப்பைத் தேடினாலும் கிடைக்காது. 1895-ல் நெதர்லாந்து போய் ரெம்பிராண்ட், ஃபிரான்ஸ் ஹால்ஸ் என்ற பழைய டச்சு ஓவியர்களின் படங்களைப் பார்த்துவிட்டு வந்தவர், பட்டறைப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டார். கறுப்புப் பின்னணி, வெண்ணெய்போல் கனத்த வெள்ளை, இரண்டு மூன்று இழுப்பில் முடிந்த ஒரு ரோஜா. அதை வாங்கவும் ஆள் இருந்தது.

அப்புறம்தான் கதை மாறுகிறது. 1910-ல் மறுபடி பாரிசுக்குப் போனார், இந்த முறை மாணவராக இல்லை. பிரெஞ்சு ஓவியர்களான செசானுடைய படங்களையும் மத்தீஸ் கூட்டத்தின் படங்களையும் பார்த்தார். வண்ணம் பற்றி எரிந்தது, கறுப்புக் கோடுகள் தடித்தன. 1912-ல் எடின்பர்க் திரும்பியபோது, வழக்கமாக அவர் படங்களை விற்றுவந்த கேலரி புதியவற்றைக் காட்ட மறுத்துவிட்டது. நாற்பது வயதில் விற்கிற பாணியைத் தூக்கிப் போட்டவருக்கு நேர்ந்தது இது. அவருக்கு உண்மையான படிப்பு இந்த இரண்டாம் பயணம்தான் என்பது என் எண்ணம். முதல் படிப்பு இல்லாமல் இரண்டாவது சாத்தியமாகியிருக்காது என்றும் வாதாடலாம். நான் மறுக்க மாட்டேன்.

பட்டறைப் படிப்பின் இன்னொரு லாபம் பொருளறிவு. 1920-களில் பெப்ளோவும் கடெலும் உறிஞ்சும் அடித்தளத்துக்கு மாறினார்கள். சுண்ணக்கட்டித் தூளும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு வண்ணத்திலிருந்து எண்ணெயை இழுத்துக்கொள்ளும். வண்ணம் பளபளப்பில்லாமல், சுவரில் காய்ந்த சுண்ணாம்புபோல் வெளிச்சமாக நிற்கும். இருவரும் போய் வரைந்த அயோனா தீவின் வெண்மணலுக்கும் பச்சைக் கடலுக்கும் இதைவிடப் பொருத்தமான பரப்பு கிடையாது. ஆனால் மேலே வார்னிஷ் அடித்தால் எல்லாம் கறுத்துப்போகும். கடெல் தன் படங்களின் பின்பக்கத்தில் இதை எழுதியே வைத்தார்: உறிஞ்சும் அடித்தளம், வார்னிஷ் பூசவே கூடாது என்று.

இன்றைக்கு இந்த வழிக்குப் பாரிஸ்வரை போக வேண்டியதில்லை. எடின்பர்க்கின் துறைமுகப் பகுதியான லீத்தில், பழைய நார்வேஜிய மாலுமிகளின் தேவாலயத்தில் 1988-ல் தொடங்கிய லீத் ஓவியப் பள்ளி தனியார் பயிற்சியகமாக ஒரு வருடப் படிப்பும் பகுதிநேர வகுப்பும் நடத்துகிறது. இப்படிப்பட்ட இடங்கள் பல ஊர்களில் உண்டு. சிலவற்றில் ஆளையும் கான்வாஸையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, தூரத்தில் நின்று ஒரே அளவாகப் பார்த்து வரையும் முறையே பாடம். ரேபர்னைத் தங்கள் முன்னோடி என்பார்கள். அவரும் தள்ளி நின்று ஆளைப் பார்த்து, கான்வாஸிடம் விரைந்து வந்து பூசுகிறவர்தான். பள்ளிக்கே போகாதவர் பட்டறைகளுக்குக் குருவானார்!

## தனிவழி: ஒருவர் இல்லை, மூவர்

ஜாக் வெட்ரியானோவை எல்லோரும் முதலில் சொல்வார்கள். 1951-ல் ஃபைஃப் பகுதியில் மெத்தில் ஊரில் பிறந்தவர். பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் பயிற்சிப் பொறியாளராகப் போனார். இருபத்தொன்றாவது பிறந்தநாளுக்குத் தோழி வாங்கிக் கொடுத்த நீர்வண்ணப் பெட்டிதான் தொடக்கம். கிர்காடி ஊர் அருங்காட்சியகம் பக்கத்தில் இருந்தது. பெப்ளோவின் படங்களும் வில்லியம் மக்டாகர்ட் என்ற ஸ்காட்டிஷ் ஓவியரின் படங்களும் நிறைய இருக்கும் இடம் அது. மற்றவர்கள் படங்களைப் பார்த்துப் பார்த்து நகலெடுத்தே பழகினார். 1988-ல் ராயல் ஸ்காட்டிஷ் அகாதெமி கண்காட்சிக்கு இரண்டு படம் கொடுத்தார், இரண்டும் முதல் நாளே விற்றன. எடின்பர்க்கில் நுண்கலை படிக்க விண்ணப்பித்தபோது இடம் கிடைக்கவில்லை. 1992-ல் வரைந்த ‘தி சிங்கிங் பட்லர்’ 2004-ல் 7,44,800 பவுண்டுக்கு ஏலம் போனது.

அடுத்த வருடம் விஷயம் வெளியே வந்தது. கடற்கரையில் ஆடும் அந்த ஜோடியும் குடை பிடித்து நிற்கிறவர்களும், வரைகலைஞர்களுக்கான ஒரு மாதிரிப் புகைப்படக் கையேட்டிலிருந்து எடுத்த உருவங்கள். இதற்காக அவரைத் திட்ட எனக்கு விருப்பமில்லை. அந்தக் கையேடு இருப்பதே பார்த்து வரைவதற்குத்தான், மாடலுக்குக் காசு கொடுக்க முடியாதவர் வேறு என்ன செய்வார்? ஆனால் தனிவழியின் ஓட்டை எங்கே இருக்கிறது என்று இது துல்லியமாகக் காட்டுகிறது. முதல் அளவுகோலில், ஆளைப் பார்த்து வரையும் பயிற்சியில். அந்த ஓட்டையின் செலவு பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, ஊரே பார்க்கும்போது வந்து சேர்ந்தது. பொதுமக்கள் அவரைக் கொண்டாடியபோதும் விமர்சகர்கள் பலர் கடைசிவரை அவரை ஏற்கவில்லை. 2025-ல் இறந்தார்.

இரண்டாமவர் ஜார்ஜ் லெஸ்லி ஹன்டர் (1877–1931). பியூட் தீவின் ரோத்சே ஊரில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு கலிஃபோர்னியா போனவர். தானாக வரைந்து பழகி, சான் ஃபிரான்சிஸ்கோவில் பத்திரிகைகளுக்குப் படம் போட்டுப் பிழைத்தார். முதல் தனிக்கண்காட்சிக்குப் படங்கள் தயாராக இருந்த சமயத்தில் 1906 நிலநடுக்கம் வந்து எல்லாவற்றையும் அழித்தது. ஸ்காட்லாந்து திரும்பி, கிளாஸ்கோவில் ஓவிய வணிகர் அலெக்சாண்டர் ரீடின் ஆதரவு கிடைத்த பிறகுதான் நிமிர்ந்தார். லாக் லோமண்ட் ஏரியின் படகுவீடுகளை வரைந்த படங்களில் வண்ணம் தண்ணீரோடு சேர்ந்து ஆடுகிறது. ஆனால் அவர் படங்களைத் தொடர்ச்சியாகப் பார்த்தால் ஏற்ற இறக்கம் உறுத்தும். ஒன்று அபாரம், பக்கத்தில் இருப்பது அவசரம். ‘இதைக் கிழித்துப் போடு’ என்று சொல்லும் ஆசிரியர் இல்லாததன் விலை அது என்றே எனக்குப் படுகிறது.

மூன்றாமவர் ஜேம்ஸ் கத்ரி (1859–1930). சட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர், பெரும்பாலும் தானே கற்றவர். அவர் படங்களில் ஹன்டரின் தடுமாற்றம் இல்லை. காரணம், அவருக்கு ஆசிரியர் இல்லாவிட்டாலும் கூட்டாளிகள் இருந்தார்கள். ஈ. ஏ. வால்டன், ஜோசப் கிராஹால் என்று ‘கிளாஸ்கோ பையன்கள்’ கோடைதோறும் சேர்ந்து போய் காக்பர்ன்ஸ்பாத் போன்ற கிராமங்களில் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வேலை செய்தார்கள். 1902-ல் கத்ரி அதே ராயல் ஸ்காட்டிஷ் அகாதெமிக்குத் தலைவரானார். ஆசிரியர் இல்லாமல் கற்பதையும் ஆளே இல்லாமல் கற்பதையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். முன்னது நடக்கக்கூடியது, பின்னதுதான் ஆபத்து.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | கல்லூரி | பட்டறை | தனிவழி |
|---|---|---|---|
| மாடலை வைத்துப் பயிற்சி | இடத்தைப் பொறுத்தது, கேட்டுத்தான் சேர வேண்டும் | இதுதான் முதன்மைப் பாடம் | நீங்களே ஏற்பாடு செய்தால் மட்டும் |
| பொருளறிவு | ஓரளவு | நன்றாகவே கிடைக்கும் | கெட்டுப்போன படங்கள் கற்றுத்தரும் |
| உண்மை சொல்ல ஆள் | பலர் | ஒருவர் அல்லது இருவர், ஒரே மாதிரிப் பார்வை | கூட்டாளி இருந்தால் உண்டு |
| காலம் | நான்கு வருடம் | ஒன்று முதல் மூன்று | பத்துக்கும் மேல் |
| மறைமுகச் செலவு | தேறியபின் வரும் வெற்று வருடங்கள் | ஏறிய பழக்கத்தை இறக்கும் காலம் | பிந்தி வெளிப்படும் அடிப்படைக் குறை |
| வாசல் | உதவித்தொகை, கண்காட்சி, அறிமுகம் | குறைவு | வணிகரும் அதிர்ஷ்டமும் |

## யாருக்கு எது

பதினெட்டு வயது, கட்டணம் பெரும் சுமை இல்லை, என்ன வரைய வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை என்றால் கல்லூரி. அந்த வயதில் சக மாணவர்கள்தான் பாதிப் படிப்பு. ஆனால் கடன் வாங்கி வெளிநாட்டுக் கட்டணம் கட்டி, தைலவண்ணம் ஒன்றுக்காக மட்டும் போகிறவர்களை நான் தடுப்பேன்.

வேலையில் இருக்கிறீர்கள், ஒரு வருடம் விடுப்போ கொஞ்சம் சேமிப்போ இருக்கிறது, உருவப்படம் வரைய வேண்டும் என்றால் பட்டறை. சேரும்முன் அங்கே படித்து முடித்தவர்கள் ஐந்தாறு பேருடைய படங்களைப் பாருங்கள். யாருடையது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லையென்றால் வேறு இடம் தேடுங்கள்.

இரண்டுக்கும் வழியில்லை என்றாலோ, யாருக்குக் கீழேயும் உட்காரச் சுபாவம் இடம் கொடுக்கவில்லை என்றாலோ தனிவழி. ஜே. டி. ஃபெர்குசன் அப்படித்தான்: எடின்பர்க் வகுப்பில் சேர்ந்து, கெடுபிடி பிடிக்காமல் வெளியேறி, தானே கற்று, கடைசியில் பாரிசில் மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தார். தனிவழி என்று முடிவு செய்தால் இரண்டு செலவுகளை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். வாரம் ஒரு தடவையாவது மாடலை வைத்து வரையும் கூட்டத்துக்குக் கொடுக்கும் காசு ஒன்று. டர்பன்டைன் ஆவி வெளியேற நல்ல ஜன்னல் உள்ள அறைக்கான வாடகை இன்னொன்று.

மூன்றில் எதுவானாலும் முதல் மாதத்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஸ்காட்லாந்தில் இருக்கிறவர்கள் கிளாஸ்கோவின் கெல்வின்குரோவுக்கோ எடின்பர்க் தேசியக் கலைக்கூடத்துக்கோ போகலாம், நுழைவு இலவசம். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு ஆர்ட் யூகே இணையதளத்தில் பிரிட்டனின் பொதுச் சேகரிப்புகளில் உள்ள தைலவண்ணப் படங்கள் இருக்கின்றன. பெப்ளோவின் ரோஜா ஒன்றை, 1910-க்கு முந்தையது ஒன்றும் 1920-களில் வரைந்தது ஒன்றுமாக எடுத்து, இரண்டையும் நகலெடுத்துப் பாருங்கள். முதலாவதில் உங்கள் கை தடுமாறினால் மாடலும் ஆசிரியரும் தேவைப்படுகிற ஆள் நீங்கள். இரண்டாவதில் தடுமாறினால் உங்களுக்கு வேண்டியது வண்ணத்தைப் பார்க்கும் பொறுமை. அதற்கு எந்தக் கல்லூரியிலும் தனி வகுப்பு கிடையாது.